சுவருக்குப் போன கருப்பட்டி

போன வாரம் ஒரு காலை, எங்கள் பண்டாரவளை வீட்டுக் குசினியில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அலுமாரியின் மேல்தட்டில் நான் பத்திரமாக வைத்து, வழக்கம்போல மறந்தும்விட்ட கித்துள் பனைப் பாணிப் போத்தல், மூடியைக் கூரைக்கு வீசிவிட்டு நுரை கக்கிக்கொண்டு நின்றது.

"அம்மா, இது புளிச்சிருச்சு. ஊத்திரவா?" என்று மருமகள் போத்தலின் கழுத்தைப் பிடித்தாள்.

"ஊத்தாத!"

நான் போட்ட கூச்சலில் முற்றத்து நாய் எழுந்து ரோட்டுக்கே போய்விட்டது. பாவம், மருமகள் கையை உதறிக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தெரியும்? இதே கூச்சலை என் இருபது வயதுகளிலும் ஒருமுறை போட்டிருக்கிறேன். அதுவும் ஒரு போலீஸ் சார்ஜனைப் பார்த்து.

கல்யாணம் என்றதும் மற்றவர்களுக்கு மல்லிகையும் சந்தனமும் மணக்கும். எனக்குப் புளித்த கருப்பட்டியும் ஈரச் சுண்ணாம்பும்தான் மணக்கும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்துவிட்டு மேலே கேளுங்கள்.

அப்போது நாங்கள் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நாள் முழுக்க யாராவது ஒரு பிள்ளை என் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கதையிலும் ஒன்று இடுப்பில் வரும்.

தோட்டத்து மாரியம்மன் கோயில், முதல் தேயிலைக் கன்று நட வந்தவர்கள் கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுவரின் அகலத்தில் ஒரு பிள்ளையைத் தாராளமாகத் தூங்க வைக்கலாம். எப்போதோ பின்சுவரில் வெடிப்பு விழ, யாரோ புண்ணியவான் தொழிற்சாலையிலிருந்து சிமெந்து கொண்டுவந்து அப்பிவிட்டிருந்தார். ஒரு மார்கழி மழையில் அந்தச் சிமெந்து பலகை பலகையாகக் கழன்றது. சும்மா கழன்றிருந்தால் பரவாயில்லை, பிடித்த பிடியில் பழைய கற்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அம்மன் தலைக்குப் பின்னால் வானம் தெரிந்தது.

என் அப்பாதான் கோயில் தலைவர். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ஓட்டக் கோயில்ல தாலி கட்டுறதா? சொவரு நிக்கட்டும். பொறகு கல்யாணம்."

கல்யாணம் எனக்கு! மாப்பிள்ளை பூனாகலையில் இருந்த என் அத்தை காத்தாயியின் மகன், மாரிமுத்து. சின்ன வயதிலிருந்தே இன்னாருக்கு இன்னார் என்று பேசி வைத்ததுதான். அவசரம் வேறு இடத்தில் இருந்தது. அது இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அத்தைக்கும் மாமாவுக்கும் இந்தியப் பிரஜாவுரிமை வந்துவிட்டது. வயது வந்த மகன் என்று தனியாக எழுதிப் போட்ட மாரிமுத்துவுக்கு இலங்கை. ஒரே காம்பராவில் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களை அப்படித்தான் பிரித்தார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் ஆடி மாதம் கப்பல். ஆடியில் கல்யாணம் செய்ய மாட்டோம். ஆனிக்குள் சுவர் நின்றால்தான் அத்தை மகன் கல்யாணத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அங்கிருந்து கேள்விப்பட வேண்டியதுதான்.

"மவன் கழுத்துல மாலயப் பாக்காம நான் கப்பல் ஏற மாட்டேன்" என்று அத்தை வைகாசியிலேயே மூட்டை முடிச்சோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். மாமா பூனாகலையில் கோழிகளை விற்றுக்கொண்டிருந்தார்.

மாரிமுத்து பதுளையில் ஒரு பழைய பள்ளிவாசலைப் பழுது பார்த்த ஆட்களோடு கொஞ்சக் காலம் வேலை செய்தவர். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அப்பா அவரைக் கூப்பிட்டு, "பொண்ணு வேணும்னா சொவரக் கட்டு மாப்பிள" என்றார். அவரும் சுவரைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, ஒரு டாக்டர் தோரணையில் சொன்னார்.

"சுண்ணாம்புச் சொவத்துக்குச் சுண்ணாம்புதான் மாமா. சிமெந்து போட்டா ஈரம் உள்ளுக்கே நின்னு கல்லத் தள்ளிரும்."

சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல் லொறியில் வந்து இறங்கியது. குழி வெட்டிக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினதும் குழி கொதித்தது பாருங்கள், காலைப் பெரட்டில் பேர் கொடுக்கக் கூட வராத சோம்பேறிகள் எல்லாம் அதைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் மரவள்ளிக் கிழங்கை டின்னில் அடைத்துக் கம்பியில் கட்டி இறக்கினார். கிழங்கு வெந்துதான் இருந்தது. சாப்பிடத்தான் யாருக்கும் துணிவு வரவில்லை.

நீர்த்த சுண்ணாம்போடு மணலைச் சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். இடிக்கும்போது வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கடுக்காயைத் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து, நாட்கணக்கில் புளிக்க வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் பிடிப்பு. கடுக்காயை லுணுகலை முஸ்லிம் நானா கடையில் வாங்கினோம். "இவ்வளவு கடுக்காயா? முழுத் தோட்டத்துக்கும் வயித்துக் கோளாறா?" என்று நானா கேட்டார்.

கருப்பட்டிதான் பெரும்பாடு. சீனி கூப்பனுக்கே ஒழுங்காகக் கிடைக்காத காலம். கீழ்க் கிராமத்துச் சிங்கள நாட்டு ஆட்கள் விற்கும் கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டுதான் சாயத்தண்ணி, பாலில்லாத தேத்தண்ணி, குடிப்போம். கெட்டிக்காரி ஒரு துண்டை மூன்று வேளைக்கு ஓட்டுவாள். நான் முதல் வேளையிலேயே முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நாளில், வீட்டுக்கு இவ்வளவு என்று சுவருக்குக் கருப்பட்டி கேட்டார்கள். ஒரு வீடு கூட இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் லயம் முழுக்க வெறும் சாயத்தண்ணி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு மலையேறியது.

ஊற வைக்க ஒழுகாத பீப்பாய் வேண்டும். தோட்டத்தில் ஒழுகாத பீப்பாய் யாரிடம் இருக்கும்? கசிப்பு காய்ச்சுகிற சின்னக்கறுப்பண்ணனிடம்தான். கசிப்பு என்றால் எங்கள் பக்கத்துக் கள்ளச் சாராயம். சாமி காரியம் என்றதும் மனுஷன் பீப்பாய்களைக் கழுவி, திருநீற்றுப் பட்டை போட்டு, நடுவில் குங்குமமும் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவற்றை ஓடையோரத்து வாழைகளுக்குள் வைத்தோம். பீப்பாயும் கசிப்புக்காரருடையது, வைத்த இடமும் கசிப்பு ஒளிக்கும் இடம். இத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, அம்மன் மேல் அவ்வளவு பக்தி!

ஒரு பின்னேரம் எல்லோருமாகச் சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருக்கிறோம். வாழைப் பக்கமிருந்து சின்னக்கறுப்பண்ணன், "ஜீப்பு!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பறந்தார். அவர் ஓடியதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் ஏன் ஓடினார்கள்? பழக்கதோஷம். ஜீப் என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். உலக்கைகள் விழுந்தன. பூசாரி ஓடினார். என் அப்பா, கோயில் தலைவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மிச்சம் நின்றது மாரிமுத்து, எழுந்திருக்க முடியாமல் உரலடியில் உட்கார்ந்திருந்த அத்தை, இடுப்பில் பிள்ளையோடு நான்.

சார்ஜன் வாழைக்குள் போனார். பீப்பாய்களை அவருக்கு முன்பே பழக்கம் போலிருக்கிறது. மூடியைத் திறந்தார், புளித்த வாசம் வந்தது. கான்ஸ்டபிள்மாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர்கள் ஒன்றை உதைத்துச் சாய்த்தார்கள். பிறகு அடுத்தது. லயத்துக் கருப்பட்டி எல்லாம் ஓடையில் பழுப்பாகப் போனது. கடைசிப் பீப்பாயில் காலை வைத்தபோதுதான் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"ஊத்தாதீங்க!"

சார்ஜன் திரும்பினார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். "ஏன்? கல்யாணத்துக்கு கசிப்பு காணாது?"

"கல்யாணத்துக்குத்தாங்க. ஆனா கசிப்பு இல்லீங்க. சொவத்துக்குங்க."

"சொவர் குடிக்குமா?"

"ஆமாங்க, சொவருதாங்க குடிக்கும்."

கான்ஸ்டபிள்மார் சிரித்துவிட்டார்கள். சார்ஜனுக்குக் கோபம். மாரிமுத்து சிரட்டையில் ஒரு வாய் அள்ளி, "நீங்களே குடிச்சுப் பாருங்க ஐயா" என்று நீட்டினார். சார்ஜன் வீராப்பாக வாயில் விட்டுக்கொண்டார். கடுக்காயின் துவர்ப்பு உங்களுக்குத் தெரியும்தானே? அது புளித்தால் எப்படி இருக்கும்! மனுஷனுடைய கன்னம் இரண்டும் உள்ளே போயின, கண் கலங்கியது. "அம்மோ!" என்று துப்பிவிட்டு, நாக்கை வெளியே போட்டுக்கொண்டு நின்றார். அத்தை மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து, "இதப் போட்டுக்கங்க தம்பி" என்றார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

சிரித்து முடித்த பிறகுதான் பீப்பாய்களை எண்ணிப் பார்த்தோம். ஒரு பீப்பாய்தான் மிச்சம். அது பின்சுவரில் பாதிக்குக்கூடக் காணாது. தேயிலைக்குள் இருந்து ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். எந்த வீட்டிலும் கருப்பட்டி இல்லை. கிராமத்திலும் தீர்ந்துவிட்டது. ஆனியும் போய்க்கொண்டிருந்தது. அப்பா கல்லில் உட்கார்ந்து, "அவ்வளவுதான்" என்றார். நான் வாய்விட்டு அழுதேன். இடுப்பில் இருந்த பிள்ளையும் துணைக்கு அழுதது.

அத்தை மெல்ல எழுந்து காம்பராவுக்குப் போய், இந்தியாவுக்கென்று கட்டி வைத்த மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். அவிழ்த்தால், புடவைகளுக்கு நடுவே, காய்ந்த வாழைச் சருகில் சுற்றிய கித்துள் கருப்பட்டிகள். அங்கே கித்துள் கிடைக்காதாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாதக்கணக்கில் தான் தின்னாமல் சேர்த்தது.

"யம்மா, அது நீங்க கொண்டுபோக வச்சது" என்றார் மாரிமுத்து.

"கொண்டுபோயி என்னாத்துக்கு? தின்னா தீந்துரும். சொவத்துல போட்டா நிக்கும்ல" என்று ஒவ்வொன்றாகச் சருகை உரித்துக் காலிப் பீப்பாயில் போட்டார். பிறகு, "மிச்சப் பழைய தண்ணிய இதுலயும் கலந்து விடுங்க. தயிருக்கு ஒற ஊத்துற மாதிரித்தான்" என்றார்.

சின்னக்கறுப்பண்ணன் முன்னால் வந்து நெஞ்சைத் தட்டினார். "புளிக்க வைக்கிறத எங்கிட்ட விடுங்க ஆத்தா." வைக்கோல் சுற்றி, சாக்குப் போர்த்தி, பக்கத்திலேயே காவல் இருந்தார். அவர் கைராசியில் பீப்பாய் சீக்கிரமே நுரைத்தது.

அதன் பிறகு லயமே சுவரில் ஏறி நின்றது. மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கியதும் உலக்கையைப் பிடித்தார்கள். எல்லோர் கையும் சுண்ணாம்பில் வெந்து, தேங்காய் எண்ணெய் பூசிப் பூசி லயம் முழுக்கப் பளபளத்தது. வறண்ட கச்சான் காற்று சுவரைச் சட்டென்று காய வைத்தால் வெடித்துவிடும் என்று ஈரச் சாக்குகளைப் போர்த்தினோம். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில், சாக்குப் போர்த்திய சுவருக்கு முன்னால் எனக்குத் தாலி ஏறியது. தண்ணீர் சொட்டிச் சொட்டி என் கூறைச் சேலையின் பின்பக்கம் முழுக்க நனைந்தது. கூப்பிட்ட மரியாதைக்குச் சார்ஜனும் வந்திருந்தார். பானகம் கொடுத்தோம், முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆடியில் பதுளை ரயில் நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டோம். கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் அந்த ரயில் எப்போதும் அழுகையோடுதான் புறப்படும். அத்தை மட்டும் அழவில்லை. மெலிந்துபோன மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம கருப்பட்டியப் பாத்துக்கங்க" என்றார்.

அத்தையை நாங்கள் மறுபடி பார்க்கவேயில்லை. திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் அவர் கண்மூடிய செய்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

பாணிப் போத்தல் வெடித்ததற்கு அடுத்த ஞாயிறு, என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயம் இல்லை, வாழை இல்லை. கருப்பட்டி கொடுத்த வீடுகளில் பாதிப் பேர் அந்த ரயிலிலேயே போனவர்கள். கோயில் இருக்கிறது, உள்ளே குளியலறை மாதிரி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். பின்சுவரின் வெளிப்பக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு வெடிப்பு இல்லை.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். வெறும் சுண்ணாம்பு, காரம்.

"என்னா, இனிக்குதா?"

பின்னால் என் வீட்டுக்காரர். முழங்கால் வலி என்று கீழே ரோட்டிலேயே தங்கிவிட்ட மனுஷன் எப்படித்தான் இந்த மேட்டில் ஏறினாரோ!

"நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் விரலால் எல்லாம் எடுக்கவில்லை. நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நேராக நாக்கையே வைத்தார். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"லேசா இனிக்குதுல்ல?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.