அத்தையின் தோளில் நான்கு விரல்கள்

நேற்று மகளின் பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். ஸ்டுடியோக்காரன் நீட்டிய படத்தில் என் மகள் இல்லை. கோதுமை நிறத்தில் வேறு யாரோ ஒரு குழந்தை இருந்தது. "கொஞ்சம் வெளுப்பாக்கியிருக்கேன் சேச்சி, அதுக்குத் தனி சார்ஜ் இல்ல" என்றான். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வந்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டுமோ? குழந்தை முன்னால் சண்டை வேண்டாம் என்று நினைத்தது சரிதானோ?

அத்தையாக இருந்தால் இப்படி யோசித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு முழுக்க முனிசிபாலிட்டி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள்தான். எல்லோரும் கறுப்பு, அத்தை அவர்களிலும் கறுப்பு. தலையைக் கிராப் வெட்டிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, நர்ஸாக இருந்த, நாங்கள் சேச்சி என்று கூப்பிடும் ஒரு மலையாளத்து அக்காவோடு வாழ்ந்தாள். அதைப் பற்றித் தெருவில் வாய் ஓயாது. ஆனால் கடல் ஏறி, சாக்கடைத் தண்ணீர் அடுக்களைக்குள் வந்துவிட்டால் அதே வாய்கள் அத்தையைத்தான் கூப்பிடும். ஒருமுறை அந்தத் தண்ணீரை வாளியில் அள்ளிப்போய் இன்ஜினீயரின் மேசைமேல் வைத்துவிட்டு, தூர் வார ஆள் கிளம்பும்வரை நகராமல் நின்றவள் அவள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சி அத்தையைத் தேடி வந்தது. வந்த கட்சிக்காரச் சேட்டன் சாயாவைக் குடித்தபடியே இரண்டு சின்ன விஷயங்கள் சொன்னார்: புடவை கட்ட வேண்டும், ஓட்டு முடியும்வரை சேச்சி தன் ஊருக்குப் போய் இருக்க வேண்டும்.

"பின்னே, சாக்கடையையும் ஓட்டு முடியற வரைக்கும் ஊருக்கு அனுப்பிடலாமா சேட்டா?" என்றாள் அத்தை.

அவர் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஒரு வாரத்தில் தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அத்தையும் சேச்சியும் ஒரு கல்யாணத்தில் எடுத்துக்கொண்ட படம் அது. சேச்சியைக் காணோம். அத்தைக்குப் புடவையும் பின்னலும் வந்திருந்தன. முகம் பால்போல் வெளுத்திருந்தது.

"அத்தை, இது யாரு?" என்று நான் சத்தமாகக் கேட்டேன்.

"சாட்சாத் உன் அத்தைதான்டீ, சோப்புப் போட்டுக் குளிச்சிருக்கா!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தெருவே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் செய்றதுதானே மோளே, இதுல என்ன?" என்றார் சேட்டன்.

"அப்போ இவளுக்கே ஓட்டுக் கேளுங்க. நான் வேற ஆளு."

அத்தை ஏணியைக் கொண்டுவந்து, மேலே ஏறிக் கயிற்றை அறுத்தாள்.

கட்சி வேறொருத்தியை நிறுத்தியது. அத்தை சுயேச்சையாக நின்றாள், சட்டையோடு, பக்கத்தில் சேச்சியோடு. தோற்றாள். சாக்கடையிலிருந்து அவள் காப்பாற்றிய வீடுகளே அவளைத் தோற்கடித்தன. அடுத்த முறை கடல் ஏறியபோது, ஜெயித்தவளின் வீட்டை விட்டுவிட்டு, வெட்கமே இல்லாமல் அத்தையின் வாசலில் வந்து நின்றார்கள். அவளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள்மேல் எனக்கு உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் போனதை நினைத்தாலும் கோபம்தான்.

அந்த ஃப்ளெக்ஸை அப்பா எங்கள் ஒழுகும் அடுக்களைக் கூரைக்கு உள்பக்கமாக விரித்துக் கட்டினார், படம் கீழே தெரியும்படி. மழைக்காலம் முழுக்க அந்த வெள்ளை முகத்தின் கீழே உட்கார்ந்துதான் நான் கஞ்சி குடித்தேன். படத்தின் ஓரத்தில், அத்தையின் தோள்மேல் நான்கு விரல்கள் மிச்சமிருந்தன. அவற்றை மட்டும் வெட்ட மறந்திருந்தார்கள், வெளுக்கவும் மறந்திருந்தார்கள்.

ஒரு விரலில் நெளிமோதிரம் இருந்ததால் அது சேச்சியின் கை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தோளில் கை போட்டு நின்ற ஒருத்தியை எதற்காக வெட்டினார்கள் என்பதுதான் அந்த வயதில் எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. அந்த அழகான வெள்ளை முகத்துக்குப் படத்தில் இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தேன்.