நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறவள்

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, என் மகள் சுபாவின் ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங். அரை நாள் லீவு போட்டுவிட்டு, டை கட்டிக்கொண்டு போனேன். மீட்டிங்குக்கு எதற்கு டை என்று கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே தினமும் டை கட்டிக்கொண்டு போகும்போது, அப்பன் வெறுங்கழுத்தோடு போய் நிற்க முடியுமா?

ஆமாம், டை. இங்கே டுசல்டோர்ஃப் பக்கம் ஜெர்மன் பிள்ளைகள் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். எங்கள் டிராம் ஸ்டாப்பில் பிளேசரும் கோடு போட்ட டையுமாக நிற்பது என் மகள் ஒருத்திதான். அந்தக் கோலத்தில் அவளை போட்டோ எடுத்துத் திருச்சிக்கு அனுப்பி, ஊரெல்லாம் காட்டச் சொன்னவன் நான். இங்கிலீஷ் மீடியம் என்றால் நமக்கு ஒரு மயக்கம்... ஜெர்மனிக்கே வந்தாலும் அது தெளிவதில்லை.

காரணமும் கைவசம் வைத்திருந்தேன். 'ரெண்டே வருஷம். அப்புறம் ஊருக்குப் போய்விடுவோம். அதற்குள் பிள்ளை ஜெர்மன் படித்து என்ன பண்ணப் போகிறது?' அந்த இரண்டு வருடம் முடிந்தது. இன்னொரு இரண்டு வருடம் வந்தது. அதுவும் முடியப்போகிறது. கம்பெனி வருடக் கடைசியில் ஒரு ஃபாரம் அனுப்பும். 'இன்னும் எத்தனை வருடம்?' என்று அதில் ஒரு கட்டம். ஒவ்வொரு தடவையும் '2' என்று போடுவேன். இந்தத் தடவை ஃபாரம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நிரப்பாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்.

மீட்டிங்குக்கு வருகிறேன். கிளாஸ் டீச்சர் மிஸஸ் ஹார்ப்பர். நான் உட்கார்ந்ததுமே, மேத்ஸில் எவ்வளவு என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சயின்ஸில் எவ்வளவு என்று கேட்டேன். அதையும் சொன்னார். அப்புறம் ஃபைலை மூடிவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அவர் என்னைக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். அந்த ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய பிள்ளையைத் துணைக்குப் போடுவார்கள். பெயர் 'படி', அதாவது இங்கிலீஷ் 'buddy', கூட்டாளி. முதல் ஒரு மாதம் வகுப்பு காட்டுவது, கேன்டீனில் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அந்தப் படியின் பொறுப்பு. சுபா நாலு வருடத்தில் ஒன்பது பேருக்கு இப்படித் துணையாக இருந்திருக்கிறாள். ஸ்கூலிலேயே அதிகம் அவள்தானாம். இனிமேல் என்னால் முடியாது, என்னை விட்டுவிடுங்கள் என்று போன மாதம் டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மதியம் கேன்டீனுக்கும் போவதில்லையாம். லைப்ரரியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறாளாம், தனியாக.

அடுத்த திங்கட்கிழமை இந்தியாவிலிருந்து ஒரு பெண் சேர்கிறாள், சுபா இருந்தால் நன்றாக இருக்கும், நீங்கள் கொஞ்சம் பேசிப் பாருங்களேன் என்றார் மிஸஸ் ஹார்ப்பர். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் கோயம்புத்தூர் கார்த்திக்கின் மகள். 'யோசிக்காதீங்க கார்த்திக், இங்கிலீஷ் ஸ்கூல்லயே போடுங்க, ரெண்டு வருஷம்தானே' என்று அட்வைஸ் கொடுத்த மகான் வேறு யார்? அடியேன்தான்.

கிளம்பும்போது டீச்சர் இரண்டு தாளை என் கையில் கொடுத்தார். ஆண்டு மலருக்காக 'எங்கள் பள்ளியின் வரலாறு' என்று எல்லோரையும் எழுதச் சொன்னார்களாம். இது சுபா எழுதியது.

டிராமில் படித்தேன். அவள் இங்கிலீஷில் எழுதியதை என் தமிழில் சொல்கிறேன்.

முதல் பாரா ஒழுங்காகத்தான் இருந்தது. போருக்குப் பிறகு இங்கே தங்கிய பிரிட்டிஷ் ராணுவக்காரர்களின் பிள்ளைகளுக்காக, சிப்பாய்கள் தங்கியிருந்த ஒரு பழைய பாரக்ஸில் இந்த ஸ்கூல் தொடங்கியது. சிவப்புச் செங்கல் கட்டடம், நீளமான வராந்தா. பிறகு ராணுவம் குறையக் குறைய, கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜப்பான், கொரியா, இந்தியா. காலையில் அசெம்பிளியில் பாட்டு, புதன்கிழமை ஹாக்கி, வெள்ளிக்கிழமை மீனும் உருளைக்கிழங்கும்.

இரண்டாவது பாராவில் கோட் மாட்டும் கொக்கிகளுக்கு வந்துவிட்டாள்.

வராந்தா முழுக்க நம்பர் போட்ட கொக்கிகள். ஒரு பிள்ளைக்கு ஒரு கொக்கி. ஸ்கூலை விட்டுப் போகும் நாளில், அந்தப் பிள்ளை தன் கொக்கிக்கு மேலே சுவரில் பெயின்ட் பேனாவால் பெயரை எழுத வேண்டும். ராணுவக் காலத்திலிருந்து வரும் வழக்கம். பெயருக்கு மேல் பெயர் ஏறி ஏறி, இப்போது நாற்காலி போட்டு ஏறினால்தான் இடம் கிடைக்கும். நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொள்வது யார்? அந்தப் பிள்ளைக்கு முதல் நாள் துணையாக வந்த படி.

'நான் ஒன்பது முறை நாற்காலியைப் பிடித்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள் சுபா. ஒன்பது பேரின் பெயரும் இருந்தது. முதலில் மியூகி. கடைசியில் எம்மா.

எம்மாவை எனக்குத் தெரியும். ராணுவக்காரர் மகள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை தோறும் தோசை தின்பாள். பொடியை நல்லெண்ணெய் விட்டுக் குழைக்கக்கூடக் கற்றுக்கொண்டாள். செப்டம்பரில் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. முதலில் தினமும் மெயில். பிறகு வாரம் ஒன்று. தீபாவளியன்று சுபா நாலு தடவை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

கட்டுரையின் கடைசி வரி இப்படி: 'என் கொக்கி நம்பர் நாற்பத்தேழு. அதில் என் பெயர் எழுதும் நாள் எது என்று எனக்குத் தெரியாது. அப்பா ஒவ்வொரு வருடமும் சீக்கிரம் என்கிறார்.'

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். குளிரில் நடந்து திரும்பினேன்.

வீட்டுக்குப் போய் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சாப்பிடும்போது, 'படி' வேலையை விட்டால் பின்னால் யுனிவர்சிட்டி அப்ளிகேஷனில் போட ஒன்றும் இருக்காதே என்று ஆரம்பித்தேன். என் மனைவி ராதா மேஜைக்குக் கீழே காலை மிதித்தாள். அப்படியும் நிறுத்தவில்லை.

சுபா சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "எல்லார் நாற்காலியையும் நான் பிடிச்சேன்ப்பா. என் நாற்காலிய யாரு பிடிப்பா?"

நான் சாம்பார் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"போறோம்னாலும் பரவால்ல. இருக்கோம்னாலும் பரவால்ல. எதுன்னு சொல்லிடுங்க, போதும்."

சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை வரை அவள் என்னோடு அளந்துதான் பேசினாள்.

சனிக்கிழமை காய்கறி வாங்க ரயிலேறிப் பக்கத்து ஊரான கெல்சென்கிர்ச்சன் போனேன். நம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே சிவா அண்ணை கடையில்தான் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் மகள் துஷாவுக்கும் சுபா வயதுதான், இங்கேயே பிறந்து ஜெர்மன் பள்ளியில் படிக்கிறாள். நான் போனபோது அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு ஜெர்மன் பெண்களோடு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வகுப்பிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் திரிகிறார்கள் என்றார் அண்ணை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்தவர் பிள்ளை சிரிப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சுபாவை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். கொக்கி, நாற்காலி, லைப்ரரி எல்லாவற்றையும், முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டிவிட்டேன். இப்போது ஜெர்மன் ஸ்கூலுக்கு மாற்றினால் என்ன என்றும் கேட்டேன். ஏலாது எண்டில்லை, ஆனால் மொழி வராமல் இந்த வயதில் பிள்ளை இன்னொரு தரம் தனிச்சுப்போகும் என்றார். பிறகு கறிவேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வந்த நாள் தொட்டுப் போறன், போறன் எண்டு சொல்லுறீங்கள். எங்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அதாலை விசா கிடைச்ச கிழமையே ஒரு சோபா வாங்கிப் போட்டம்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் ரயிலில் வரும் வழியெல்லாம் அதுதான் காதில்.

எங்கள் வீட்டில் சோபா கிடையாது. நாலு மடக்கு நாற்காலிகள். போகும்போது யார் சோபாவைத் தூக்கிக்கொண்டு போவது? அது மட்டுமா... அட்டைப்பெட்டி சமாசாரத்தை இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேனா? ஞாபகமில்லை. வெளிநாட்டில் நம்மவர் வீட்டு நிலவறைக்குப் போய்ப் பாருங்கள். டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, மைக்ரோவேவ் வந்த பெட்டி, உள்ளே வெள்ளைத் தெர்மோகோலோடு பத்திரமாக இருக்கும். ஊருக்குத் திரும்பும்போது பேக் பண்ண வேண்டுமே! என்னிடம் பதினாலு பெட்டிகள். அதில் மூன்று சாமான்கள் ரிப்பேராகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெட்டிகள் மட்டும் சேதமில்லாமல் இருந்தன.

நாலு வருடமாக எனக்கும் இங்கே ஒரு சிநேகிதன் கிடையாது. ஆபீஸ் கேன்டீனில் நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். போகப்போகிற ஊரில் எதற்குச் சிநேகிதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தனிமையை நானாகத் தேர்ந்தெடுத்தேன், சரி. சுபாவை யார் கேட்டது?

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஃபாரத்தை எடுத்தேன். சுபாவைக் கூப்பிட்டேன். ஸ்கூல் முடிக்க உனக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டேன். நாலு என்றாள். அவள் முன்னாலேயே கட்டத்தில் '4' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கம்பெனி ஒத்துக்கலைன்னா?"

"வேற கம்பெனி பார்ப்பேன். நீ முடிக்கிற வரைக்கும் இங்கதான்."

அவள் அந்த '4'-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பும்படி நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன்? ராதா ஃபாரத்தை எட்டிப் பார்த்தாள். "அப்ப சோபா வாங்கலாமா?" என்று கேட்டவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளும் நாலு வருடம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தவள்தானே. எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

நேரே நிலவறைக்குப் போனேன். அன்றே முடித்தாக வேண்டும். மறுநாள் ஞாயிறு, ஓய்வு நாளில் சத்தமாகக் குப்பை போட்டால் எதிர்வீட்டு அம்மாள் திட்டுவதற்கு ஜன்னலைத் திறந்துவிடுவார். பதினாலு பெட்டிகளையும் நானும் சுபாவுமாகத் தெருமுனைக் காகிதத் தொட்டிக்குச் சுமந்தோம்.  எட்டாவது பெட்டியைத் தூக்கும்போது அவள் கேட்டாள்.

"அந்தப் புதுப் பொண்ணும் போயிடுவா. ஆனா நான் இருப்பேன்ல?"

"இருப்பே."

"அப்ப சரி. திங்கட்கிழமை நானே போறேன்."

டிவி பெட்டிதான் கடைசி. அதைத் தொட்டியருகே வைத்தபோது, 'சார்!' என்று குரல். கார்த்திக். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கையில் காய்கறிப் பை, பக்கத்தில் அவர் மகள். புது ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சார், இவ்ளோ நல்ல பெட்டிய தூக்கிப் போடறீங்க? நாளன்னிக்கு டிவி வாங்கறோம், கடையில டிஸ்ப்ளே பீஸ், பெட்டி கிடையாதாம். இத எனக்குக் குடுத்துடுங்க சார். ரெண்டு வருஷம்தானே..."

சுபா என்னைப் பார்த்தாள்.

சாதாரணமாக நான் யாருக்கும் இல்லை என்று சொல்கிறவன் அல்ல. அன்றைக்குப் பெட்டியைக் கீழே போட்டு, ஏறி மிதித்தேன். தெர்மோகோல் நொறுங்கியது. அட்டையை நாலாகக் கிழித்துத் தொட்டிக்குள் போட்டேன். கார்த்திக்குக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு அட்டைப்பெட்டிக்கா இந்த மனுஷன் இப்படி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஆற அமர ஒருநாள் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் சுபா அந்தப் பெண்ணிடம் போய்ப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை இருவரும் கேன்டீனில் சாப்பிட்டார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பெரிசா ஒண்ணும் இல்லப்பா என்றாள். எம்மாவின் இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு '4' போட்டு அதையெல்லாம் நிரப்பிவிட முடியாது, எனக்கும் தெரியும்.

சோபா வியாழக்கிழமை வருகிறது. பெட்டியை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.