ஊசிக்கு முந்தின கேள்வி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் தனியே இருந்த குகானந்தன் நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அன்று மூன்றாம் நாள். காய்ச்சல் விட்டிருந்தது.

"இனி ஊசி தேவையில்லை அங்கிள், குளிசை விழுங்கினால் காணும். இண்டைக்கே வீட்டை போகலாம்," என்றார் டொக்டர் மேனுஷா.

குகானந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், மருந்து முடிஞ்சுபோச்சோ? இன்னும் ரெண்டு நாள் போடுங்கோ!"

"தேவையில்லாமல் போட்டால் பிறகு கிருமியில் மருந்து வேலை செய்யாது."

மருந்து ஆருக்கு வேணும்? எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஊசியோடு வரும் நர்ஸ், அவர் கையில் பெயர் எழுதிக் கட்டியிருந்த பட்டியைப் பிடித்துப் பெயரும் பிறந்த திகதியும் கேட்பாள். மனுசி செத்துப்போன பிறகு நாலு வருசமாய் வீட்டில் அவரிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து முதல் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

"குகானந்தன். பதினாலு, ஏழு, ஐம்பத்தொண்டு," என்று சுவருக்குச் சொல்லிவிட்டு விழுங்கினார்.