எஸ்.பி. வீரபாண்டியின் மூன்றாவது மெடல்

ஓய்வுபெற்ற எஸ்.பி. வீரபாண்டிக்கு மெடல் மூன்று. திருநெல்வேலியிலிருந்து வந்து எஸ்.ஐ.யாகச் சேர்ந்தவர், முதல் இரண்டையும் நியாயமாகத்தான் வாங்கினார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவதுதான் மனுஷனை உயிரோடு தின்றுகொண்டிருந்தது.

பதிமூன்று வருஷத்துக்கு முன் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தக்கடைக் காவலாளி ஒருவரை யாரோ குத்திக் கொன்றார்கள். சுமை தூக்கும் மைதீன்மேல் சந்தேகம். சாக்கடையில் கத்தியைக் கண்டெடுத்தவர் வீரபாண்டியேதான். ஆனால் பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதுகிற மகஸரில், 'மைதீன் காட்டிய இடத்தில் எடுத்தேன்' என்று எழுதிவிட்டார். ஆள் இவன்தான் என்று மனசார நம்பினார். நம்பிவிட்டால், கேஸ் நிற்பதற்கு ஒரு வரி சேர்ப்பது அந்தத் தொழிலில் குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி. மைதீனுக்கு ஆயுள் தண்டனை, இவருக்கு மெடல்.

போன வாரம் வேறொரு வழக்கில் பிடிபட்டவன், அந்தக் கொலையும் தன் வேலைதான் என்று சொல்லி, காவலாளியின் மோதிரத்தையும் எடுத்துக் கொடுத்தான். வீரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பொய் எழுதினேன் என்று எழுதி எடுத்துக்கொண்டு, தன் கீழ் வேலை பார்த்த டி.எஸ்.பி. கேசவிடம் ஓடினார்.

"அந்த வரி இருக்கற வரைக்கும் மைதீன் கூட்டாளின்னுதான் ஆகும் சார். நீங்க இதைக் கொடுத்தேள்னா, உங்களைன்னா நான் அரெஸ்ட் பண்ணணும்?"

"பண்ணுடே! அதுக்குத்தானே வந்திருக்கேன்!"

"ஆத்துக்குப் போய் ரெண்டு நாள் யோசிங்கோ சார்," என்று கேசவ் காகிதத்தை வாங்க மறுத்துவிட்டார். பாவி, தொடக்கூட இல்லை!

மிச்சம் ஒரே வழி. மைதீனின் மனைவி சபீனா மனுக் கொடுத்தால் கோர்ட் கேட்கும். விழிஞ்ஞத்தில் அவள் வீட்டைத் தேடிப் போய், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, மனுவை நீட்டினார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

சபீனா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அல்லா மேல ஆணையா நான் செய்யலேண்ணு அவரு கதறினாரு சார். மெடல் வாங்கின சார் பொய் எழுதுவாராண்ணு நான் ஒங்களை நம்பினேன். பதிமூணு வருஷமா ஒருநாள் ஜெயிலுக்குப் போய் அவரைப் பாக்கலே. மவளுக்கு, வாப்பா மவுத்தாயாச்சுண்ணு சொல்லி வளத்தேன்."

வீரபாண்டியின் கையிலிருந்த பேனாவை அவளே வாங்கினாள்.

"ஒப்பு போடுதேன். அவரு வெளியே வருவாருல்லா சார், நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னால நிப்பேன்?"