போத்தலில் வளர்ந்த கரும்பு

எங்கள் அண்ணன் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று தாவரவியல் படித்து முடித்தார். அண்ணியோடு கிள்ளானில் குடியேறி, சுபாங் ஜெயாவில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் கடைசிவரை பணியாற்றினார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கூடத்தின் கதவை யாராவது திறந்து வைத்தால் மட்டும் அவர் முகம் மாறும்.

அவர் வேலை கரும்பு. கலப்பு செய்து கிடைக்கும் நல்ல கரும்பு, முதலில் ஒரே ஒரு குத்தாக, ஒற்றைத் தூராகத்தான் இருக்கும். தண்டை வெட்டிக் கரணையாக நட்டுப் பெருக்கினால் தோட்டம் நிறையப் பல வருடங்கள் பிடிக்கும். அண்ணன் அதன் குருத்து நுனியைக் கடுகளவு வெட்டி, அகார் அகார் கடற்பாசி போன்ற சத்துக்கூழில் வைத்து, போத்தலுக்குள் கொத்துக் கொத்தாய் முளைக்கச் செய்வார். செவ்வழுகல் நோய் தொடாத ஒரு குத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். வெள்ளத்தில் அந்தத் தாய்க்குத்து அழுகிப்போனது. மிச்சம் இருந்தது போத்தல்களில் மட்டுமே.

போத்தலுக்குள் பூஞ்சை புகுந்தால், "தீட்டுப் பட்டுருச்சு" என்று வீட்டில் வந்து சொல்வார். நாங்கள் சிரிப்போம். அவரிடமே வேலை கற்ற என் மகள் யாழினியும் அப்படியே சொல்லப் பழகினாள்.

சென்ற ஆண்டு, மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்த்த சில நாளில் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார். தகனம் முடிந்த மறுநாளே கூடத்திலிருந்து அழைப்பு. போத்தல்களில் பூஞ்சை. நல்லவற்றை உடனே பிரித்துப் புதுக்கூழுக்கு மாற்ற வேண்டும். அந்தக் கரும்பில் கைபழகியவள் யாழினி மட்டுமே.

எங்கள் மூத்த அக்கா வாசலை மறித்தார். "தீட்டு வீடுலா இது. பதினாறு முடியறதுக்குள்ள எங்க கிளம்புற?"

"அங்கயும் தீட்டுதான் பெரியம்மா. இன்னிக்கு விட்டா மாமாவோட கரும்பே இல்ல."

சரியாகத் தூங்காத பிள்ளை, நெடுஞ்சாலையெங்கும் லோரிகள். அக்கா சொல்வதை மீறிப் போய் ஏதாவது ஆகிவிட்டால்? அண்ணிதான் எழுந்து வந்தார். "குளிச்சிட்டுப் போம்மா. விபூதி வைக்காத, தூள் உதிரும். உங்க மாமா திட்டுவாரு."

காரை நானே ஓட்டினேன். அவள் உள்ளே கிருமி கொல்லும் ஸ்பிரிட்டோடும் தீச்சுடரோடும் வேலை செய்ய, கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து வெளியே வந்தாள்.

"கொஞ்சந்தான்மா தப்பிச்சுச்சு. அதுவும் சுத்தமான்னு ஒரு வாரம் போனாதான் தெரியும்."

அந்த வாரம் தொலைபேசி ஒலித்தபோதெல்லாம், கூடத்து எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

தப்பியவை பெருகி, இன்று சோதனை வயலில் நாற்றுகளாய் நிற்கின்றன. நோயைத் தாங்குமா என்பது இன்னும் தெரியாது. அண்ணனைப் போலவே யாழினியும் வேளைக்குச் சாப்பிடுவதில்லை. அதுவும் எனக்குப் பயம்.

அண்ணனைக் கவனித்த தாதியருக்கும், கூடத்து நண்பர்களுக்கும், துக்கத்தில் துணைநின்ற கிள்ளான் அயலாருக்கும் எங்கள் நன்றி. வாசலை மறித்த மறுநாளே தானே சோறு கட்டி, "சாப்பிட்டுட்டு உள்ள போ, பசியில கை நடுங்கும்" என்று யாழினியைக் கூடத்துக்கு அனுப்பிவைத்த அக்காவுக்கும் நன்றி. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவுகள், அண்ணனுக்காக வேண்டும்போது அந்த நாற்றுகளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது.