தோல் வாஷர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் ஆம்பூரில் பெட்ரோல் காருக்கு டீசல் இன்ஜின் மாற்றி முதன்முதலாக வாடகைக்கு விட்டவனும் நான்தான். சந்தேகம் இருந்தால் பழைய ஆட்களைக் கேளுங்கள். தோல் பதனிடும் டேனரியின் முதலாளி பாய் ஒருவர், தோல் வாங்க வரும் வெளியூர் வியாபாரிகளைக் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்து திரும்பக் கொண்டுவிடும் வேலையை எனக்கே கொடுத்திருந்தார். அந்த ஒரு வாடிக்கையை நம்பித்தான் வண்டியே வாங்கினேன்.

வண்டி ஓட்டியது என் மனைவியின் தம்பி. ஒரு நாள் காலையில் இன்ஜினிலிருந்து சைக்கிள் பம்பு அடிப்பதுபோல 'புஸ் புஸ்' என்று சத்தம் வந்தது. பானெட்டைத் திறந்தேன். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்றின் அடியைச் சுற்றித் தார் போலக் கறுப்புப் பிசின். சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், நுரை கொப்பளித்தது. அதற்குமேல் எவன் வந்து சொல்ல வேண்டும்? இன்ஜெக்டருக்குக் கீழே இருக்கும் செம்பு வாஷர் போய்விட்டது. உள்ளே வெடிக்கிற புகை அந்தச் சந்தில் கசிகிறது.

"வேலூர் போய் செம்பு வாஷர் வாங்கியாந்து மாட்டு. அப்புறம்தான் சவாரி" என்றேன்.

"செரி மாமா" என்றான்.

மறுநாள் சத்தம் இல்லை. முதலாளியும், காட்பாடியில் ரயில் ஏற்றிவிட வேண்டிய ஒரு வியாபாரியும் பின்சீட்டில், ஓட்டுகிற மச்சான் பக்கத்தில் நான். மாதனூர் தாண்டியதும் ஒரு வாடை. அவர்கள் இருவருக்கும் தோல் வாடை புதிதா? பேசிக்கொண்டே வந்தார்கள். இது தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வாடை இல்லை, தோல் கருகுகிற வாடை. சின்ன வயதிலேயே அந்தத் தொட்டியில் வேலைக்கு இறங்கியவனுக்குத் தெரியாதா? நிறுத்தச் சொல்வதற்குள் வண்டி இழுவை விட்டு, புகை கக்கி நின்றது.

இன்ஜெக்டரைக் கழற்றினேன். அடியில் கரிந்துபோன தோல் வாஷர்.

"இன்னாடா இது?"

"தண்ணி பம்புக்கெல்லாம் தோலுதானே மாமா வெட்டிப் போடறோம்? பாய் டேனரித் துண்டுதான். சத்தம் நின்னுச்சா இல்லியா?"

ரயில் போய்விட்டது. முதலாளியிடம் அந்தக் கரித்துண்டைக் காட்டினேன். "பாய், தோலு போட்டதாலதான் வண்டி நின்னுபோச்சு."

அவர் முகம் மாறியது. "வாங்க வந்தவர் எதிர்லயே என் தோலைக் கொற சொல்றியா? இந்தத் தோலு எத்தினி பம்புல வருஷக்கணக்கா நிக்குது தெரியுமா?"

மச்சான் முந்திக்கொண்டான். "ஆமா பாய், தோலு சோக்கான தோலு. மாமா வண்டிதான் பேஜாரு."

வியாபாரி சிரித்தார். முதலாளியும் சிரித்தார். என்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு அவர் என் வண்டியைக் கூப்பிடவில்லை. சொந்தமாகக் கார் வாங்கினார். ஓட்டுவதற்கு என் மச்சானை வைத்துக்கொண்டார்.

நான் அதோடு விழுந்துவிடவில்லை. இன்று என் லாரிகள் பெங்களூர் வரை ஓடுகின்றன. ஆனாலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், என் வண்டி மாதனூர் ரோட்டில் நின்ற கதையை மச்சான் பந்தியில் உட்கார்ந்து சொல்கிறான். அந்த வாஷரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. அவன் கதையைக் கேட்டு என் மனைவியும் சிரிக்கிறாள்.