நாற்பத்தொரு முடிச்சு

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பம்பாய் ஆபீஸில் தபால் பிரிவில் இருந்தவர் தாராவிக்காரர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண பேண்டில் மின்சார கிட்டார் வாசித்தார். சத்தம் வந்ததெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோவை இரவல் வாங்கிப் போய், அதில் ஒயரைச் செருகித்தான். அந்த வீட்டுக்காரருக்கு அம்பர்நாத்தில் வேலை கிடைத்தது. ரேடியோவும் கூடவே போயிற்று. பேண்ட் மாஸ்டர் கெடு வைத்துவிட்டார்: செம்பூர் கல்யாணத்துக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு மாண்டலின்காரர் தயார்.

நான் வீட்டில் ரேடியோ கட்டுகிறவன் என்பது ஆபீஸுக்கே தெரியும். ஒன்று கட்டித் தரச் சொல்லிக் கேட்டார், ஒப்புக்கொண்டேன்.

மாதுங்கா வீட்டில் ஐந்து நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைக் கட்டினேன். ஒருமுறை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் போய், அங்கே கம்பிகளை நூலால் கட்டியிருக்கும் அழகைப் பார்த்து மயங்கியிருந்தேன். ஆகவே எல்லாக் கம்பிகளையும் செங்கோணத்தில் மடித்து, இணையாக அடுக்கி, ஒரே கட்டாக்கி, அரை அங்குலத்துக்கு ஒன்றாக மெழுகு நூலில் முடிச்சுப் போட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, பின்னல் ஜோரா இருக்கு. பூ வைக்கலையா?"

கல்யாண ஞாயிறு காலை பத்தே காலுக்கு அவர் கிட்டாரோடு வந்தார். ஸ்விட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. அவர் தந்தியைத் தொடும் முன்பே பெட்டி வீலென்று கத்தியது. கீழ் வீட்டு நாய் பதில் சொன்னது.

"டோம்பிவிலி லோக்கல் ரயிலு உங்க வீட்டுக்குள்ளயே வருதோ சார்?"

சர்க்யூட் படத்தோடு மூன்று முறை ஒப்பிட்டேன். ஒரு தப்பும் இல்லை என்றேன்.

"தப்பு இல்லாமலே இந்தக் கத்து கத்துதுன்னா, தப்பு இருந்தா மாப்பிள்ளையே ஓடிருவான் சார். நாலு மணிக்குக் கல்யாணம். மாண்டலின்காரன் இந்நேரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டிருப்பான்."

சொல்லிவிட்டுச் சமையலறை மரக்கரண்டியால் என் கம்பிக் கட்டை நெம்பினார்.

"கையை எடும் ஓய்! முந்நூறு வோல்ட் ஓடறது!"

ஒரு கம்பி விலகியது, கத்தல் அடங்கியது. விட்டார்; மறுபடி கத்தியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தந்தியின் மெல்லிய ஒலியை உள்ளே கொண்டுவரும் கம்பிக்கு ஒட்டினாற்போல, பெருக்கிய ஒலியை வெளியே கொண்டுபோகும் கம்பியையும் கிடத்தியிருந்தேன். பெரியது சின்னதில் கசிந்து, அது மறுபடி பெரிதாகி, சுற்றிக்கொண்டே இருந்தது.

"எங்க வீட்ல எட்டுப் பேரு ஒட்டிப் படுக்கோம் சார். ஒருத்தன் குறட்டை விட்டா எல்லாவனுக்கும் கேக்கும்லா. பிரிச்சுப் போடுங்க."

ஸ்விட்சை அணைத்தேன். கண்டென்சர்களில் மிச்சமிருந்த மின்சாரத்தையும் வடித்த பிறகு மனைவியின் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். அவர் நாற்பத்தொரு முடிச்சையும் ஒரே நிமிஷத்தில் வெட்டினார். பார்க்க முடியாமல் ஈயம் பற்றவைக்கும் சால்டர் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு கம்பியையும் குறுக்கி, கிட்டத்து வழியாகக் குறுக்கே இழுத்துப் பற்றவைத்தேன். இடியாப்பத்தைத் தட்டில் கவிழ்த்தது போல ஆயிற்று. ஒன்றே முக்காலுக்கு ஸ்விட்ச் போட்டோம். மெல்லிய ரீங்காரம் மட்டும். அவர் தந்தியை இழுத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பின்பலகையைத் திருகி மூடக்கூட அவர் பொறுக்கவில்லை. பலகையையும் திருப்புளியையும் தனியாக எடுத்துக்கொண்டு, அப்படியே செம்பூருக்குக் கொண்டுபோனோம். இரண்டு பாட்டு கேட்ட மாஸ்டர் தலையாட்டினார். இடைவேளையில் குனிந்து பெட்டியின் திறந்த முதுகைப் பார்த்தார்.

"அரே பாப்ரே! எவன்யா இந்தக் காக்காக் கூட்டைக் கட்டினது? குடிச்சிருந்தானா?"

கிட்டார்காரர் பெருமையோடு என்னைக் காட்டினார். "எங்க ஆபீஸ் சார்தான். ரொம்ப நீட்டான ஆளு."

மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பத்தொரு முடிச்சு எங்கே போயிற்று என்று விளக்குவதைவிட இது சுலபம் என்று, பின்பலகையைக் கையில் எடுத்தேன்.

"அடுத்த ஞாயிறும் இதையே கொண்டா," என்றார் கிட்டார்காரரிடம். "ஆனா மூடிக் கொண்டா."

நான்கு திருகுகளும் என் சட்டைப் பையில், காகிதத்தில் மடித்து, இருந்தன. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் மூடிவிட்டேன்.